பழைய ராணுவக் கேப் துப்பாக்கியில் சுத்தியலுக்குக் கீழே மட்டும் ஏன் இவ்வளவு அரிப்பு?

விசையை இழுத்ததும் சுத்தியல் ஒரு சிறு செம்பு மூடியை அடிக்கும். அதில் எழும் பொறி மருந்தைப் பற்றவைக்கும். அதுதான் கேப் துப்பாக்கி. பொம்மைத் துப்பாக்கியில் பொட்டு வெடி வைத்து அடிப்பது போலத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் பயன்படுத்திய, பிரிட்டனின் 1853 என்ஃபீல்டு இந்த வகை.

மூடிக்குள் பாதரசக் கலவையோடு பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கும். வெடித்ததும் அது உப்பாகி அங்கேயே படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், அப்புறம் துருதான். ஆகவே அங்கே குழிகள் இருந்தால், நிறையச் சுட்டுவிட்டுச் சரியாகக் கழுவாமல் விட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அந்த இடம் மட்டும் புதுசாக மின்னினால் எனக்குச் சந்தேகம் வரும். பின்னாளில் யாரோ பாகத்தை மாற்றியிருக்கலாம்.

தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பழுப்பேறிய மேற்பரப்பும் முத்திரைகளும் அழிந்து மதிப்பு குறையும்.