கனோசாவின் மூன்றாம் தரப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, வட இத்தாலியின் கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாட்கள் வெறுங்காலுடன் நின்று, போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புப் பெற்றதை அரசின் மீது திருச்சபை அடைந்த முழு வெற்றி என்றே கல்லூரியில் படித்தேன். ஆனால் 1084இல் அதே ஹென்றி ரோமைக் கைப்பற்றிப் பேரரசராக முடிசூடுகிறார். மறு ஆண்டு கிரிகோரி ரோமுக்கு வெளியே, சலேர்னோவில் இறக்கிறார். அப்படியானால் கனோசாவில் வென்றது யார்? ஓர் ஆயருக்கு (பிஷப்புக்கு) மோதிரத்தையும் கோலையும் யார் கொடுப்பது என்பதற்காகவா இத்தனை ஆண்டுகள் சண்டையிட்டார்கள்? எனக்கு இது வெறும் கௌரவப் பிரச்சினையாகவே தெரிகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைக்காமல் முதல் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

பதினோராம் நூற்றாண்டின் ஜெர்மானிய மன்னருக்கு நிலையான தலைநகர் இல்லை. ஊதியம் பெறும் அதிகாரிகள் என்ற வர்க்கமும் இல்லை. அவர் பரிவாரத்துடன் ஊர் ஊராகச் சென்றே ஆட்சி செய்தார். அந்த ஆட்சியைத் தாங்கி நின்றவர்கள் ஆயர்களும் மடாதிபதிகளும். நிலம், சுங்கம், சந்தை வரி, நாணயம் அச்சிடும் உரிமை, நீதி வழங்கும் அதிகாரம் ஆகியவை பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஓட்டோ வம்சத்து மன்னர்கள் காலத்திலிருந்தே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு வந்தன. ஒரு டியூக்குக்கு, அதாவது பெரும் பிரபுவுக்கு, கொடுத்த நிலம் நாளடைவில் அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் உரிய சொத்தாகிவிடும். வாரிசுரிமை இல்லாத ஆயரிடம் கொடுத்ததோ, அவர் இறந்தபின் மன்னர் தேர்ந்தெடுக்கும் அடுத்தவருக்குப் போகும். 981இல் இரண்டாம் ஓட்டோ இத்தாலிப் போருக்கு வரவழைத்த கவசக் குதிரை வீரர்களின் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதியினர் ஆயர்களும் மடாதிபதிகளும் அனுப்பவேண்டிய வீரர்களே. ஆகவே ஆயரை நியமிக்கும் உரிமையை இழக்கும் மன்னர், தன் கருவூலத்தையும் படையையும் சேர்த்தே இழக்கிறார். இதைக் கௌரவப் பிரச்சினை என்று என்னால் கருத முடியவில்லை.

மறுபக்கத்தின் நியாயமும் அதே அளவு வலுவானது. மோதிரம், ஆயர் தன் சபையோடு கொண்ட திருமண உறவின் அடையாளம். கோல், மந்தையை மேய்க்கும் பொறுப்பின் அடையாளம். குருத்துவம் பெறாத ஒருவர் இவற்றை வழங்குவதும், பல வேளைகளில் அதற்குப் பணம் கைமாறுவதும் சீர்திருத்தத்தை நாடிய துறவிகளுக்குத் தாங்க முடியாத அவமதிப்பாக இருந்தன. ஹென்றியின் தந்தை மூன்றாம் ஹென்றி 1046இல் ஒருவரோடொருவர் போட்டியிட்ட போப்புகளை நீக்கிவிட்டு, ஒரு ஜெர்மானிய ஆயரைப் போப்பாக அமர்த்தினார். மூன்றாம் ஹென்றி பக்திமான், திருச்சபை தூய்மையடைய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பியவர். ஆனால் அவர் வளர்த்துவிட்ட சீர்திருத்த இயக்கம், போப்பை அமர்த்தும் உரிமை மன்னருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டது. 1059இல் போப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கர்தினால்களிடம் சென்றது. 1075ஆம் ஆண்டுக்குரிய போப் கிரிகோரியின் பதிவேட்டில் 27 வாசகங்கள் கொண்ட ஒரு பட்டியல் உள்ளது; பேரரசர்களைப் பதவி நீக்கும் அதிகாரம் போப்புக்கு உண்டு என்பது அவற்றுள் ஒன்று.

மிலான் நகரத்துப் பேராயர் பதவி இந்தப் பகையை வெளிக்கொண்டுவந்தது. சாக்சனிக் கிளர்ச்சியை 1075 கோடையில் அடக்கிய துணிவில், ஹென்றி போப்பை மீறி அங்கே தன் ஆளை நியமித்தார். கிரிகோரி கண்டித்தார். 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் ஆயர்களைக் கூட்டிய ஹென்றி, கிரிகோரியைப் போப் அல்ல என்று அறிவித்துப் பதவி விலகச் சொன்னார். பிப்ரவரியில் கிரிகோரி மன்னரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அதோடு நிற்காமல், அவருக்குக் குடிகள் செய்திருந்த விசுவாசப் பிரமாணத்திலிருந்து அனைவரையும் விடுவித்தார். என் பார்வையில் அன்று வீசப்பட்ட உண்மையான ஆயுதம் இந்த இரண்டாவது அறிவிப்பே. பிரமாணம் தளர்ந்ததும் கிளர்ச்சி செய்வது பாவமற்ற செயலாகிவிட்டது. சாக்சனியர்களும் தென் ஜெர்மானிய டியூக்குகளும் காத்திருந்தது அதற்காகத்தான்.

எனவே இந்த வரலாற்றில் கனோசாவைவிட ட்ரிபூரை முக்கியமானதாகக் கருதுகிறேன். 1076 அக்டோபரில் ரைன் நதிக்கரையில் உள்ள அந்த ஊரில் பிரபுக்கள் கூடினார்கள். ஹென்றி எதிர்க்கரையில் முகாமிட்டுக் காத்திருந்தார். விலக்கப்பட்டு ஓராண்டு முடிவதற்குள் அவர் போப்பின் மன்னிப்பைப் பெறாவிட்டால், அவரை இனி மன்னராக ஏற்பதில்லை என்று பிரபுக்கள் முடிவெடுத்தார்கள். வழக்கை விசாரிக்க ஆக்ஸ்பர்க் நகருக்கு வருமாறு போப்பையும் அழைத்தார்கள். போப் ஜெர்மனிக்குள் வந்து பிரபுக்கள் முன்னிலையில் நீதிபதியாக அமர்ந்தால் தன் ஆட்சி முடிந்தது என்று ஹென்றிக்குத் தெரியும். டியூக்குகள் மலைப்பாதைகளை அடைத்திருந்ததால், கடுங்குளிரில் மனைவி பெர்த்தாவுடனும் இரண்டு வயது மகனுடனும் பர்கண்டி வழியாக மோன் செனி கணவாயைக் கடந்தார்.

இத்தாலிக்குள் மன்னர் வந்ததை அறிந்த கிரிகோரி, அவர் படையோடு வருகிறார் என்று அஞ்சி, டஸ்கனியின் மாட்டில்டாவுக்குச் சொந்தமான கனோசாவில் தங்கினார். (இந்தப் பெண் ஆட்சியாளரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கிரிகோரி இறந்த பின்னரும் பல ஆண்டுகள் ஹென்றியின் படைகளை எதிர்த்து நின்றவர் அவர்.) ஹென்றி படையோடு வரவில்லை, பாவம் பொறுக்கக் கோரும் எளிய விசுவாசியாகக் கம்பளி உடுத்து வந்தார். அதுவே கிரிகோரியைக் கட்டிப்போட்டது. மனம் வருந்தி வாசலில் நிற்பவரை ஒரு குருவால் திருப்பி அனுப்ப முடியாது. ஜெர்மானியப் பிரபுக்களுக்குப் பின்னர் எழுதிய கடிதத்தில், தான் காட்டுவது அப்போஸ்தலருக்குரிய கண்டிப்பல்ல, கொடுங்கோலனின் குரூரம் என்று உடனிருந்தவர்களே குறைகூறினார்கள் என கிரிகோரி குறிப்பிடுகிறார். மாட்டில்டாவும், ஹென்றியின் ஞானத்தந்தையான குளுனி மடாதிபதி ஹ்யூவும் அவருக்காக மன்றாடினார்கள். கிரிகோரி அன்று குருவாக நடந்துகொண்டார் என்றே நான் நம்புகிறேன். அரசியல்வாதியாக இருந்திருந்தால் இன்னும் சில வாரங்கள் மன்னரைக் காக்கவைத்து ஆக்ஸ்பர்க் சென்றிருப்பார்.

மன்னிப்புச் செய்தி பிரபுக்களுக்குச் சினமூட்டியது. தாங்கள் ஏந்திய ஆயுதத்தைப் போப் பறித்துக்கொண்டதாக அவர்கள் எண்ணினார்கள். மார்ச் மாதமே ஃபோர்ஹைமில் கூடி, ஸ்வாபியாவின் ருடால்ஃபை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஒரு நிபந்தனையும் விதித்தார்கள்: மன்னர் பதவி இனி வாரிசுரிமையால் வராது, தேர்வால் மட்டுமே வரும். ருடால்ஃப் 1080இல் போரில் மாண்டார், நிபந்தனை மாளவில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கனோசாவில் இருவருமே சிறிது காலத்தை வென்றார்கள், நிலையான ஆதாயம் அங்கே வராத மூன்றாம் தரப்பான பிரபுக்களுக்குப் போனது. 1105இல் ஹென்றிக்கு எதிராகக் கிளம்பிய சொந்த மகன் ஐந்தாம் ஹென்றி, பிரபுக்களின் துணையோடுதான் தந்தையைப் பதவி இறக்கினார். அந்த மகனையும் 1121இல் வூர்ட்ஸ்பர்க்கில் சமாதானத்துக்கு நெருக்கியவர்கள் பிரபுக்களே. அதன் விளைவான 1122ஆம் ஆண்டின் வோர்ம்ஸ் உடன்படிக்கையில், மோதிரத்தையும் கோலையும் வழங்கும் உரிமையைப் பேரரசர் கைவிட்டார். நிலத்தையும் உலகியல் உரிமைகளையும் செங்கோலால் தொட்டு வழங்கும் உரிமை அவரிடம் எஞ்சியது. ஜெர்மனியில் ஆயர் தேர்தல் மன்னர் முன்னிலையில் நடக்கலாம், செங்கோலும் திருநிலைப்பாட்டுக்கு (ஆயராக அருள்பொழிவு பெறும் சடங்குக்கு) முன்பே வழங்கப்படலாம். இத்தாலியிலும் பர்கண்டியிலும் திருநிலைப்பாட்டுக்குப் பிறகே வழங்க வேண்டும் என்றானதால், அங்கே மன்னரின் செல்வாக்கு ஏறக்குறைய முடிந்துபோனது.

ஜெர்மானிய ஆயர்களும் பழையபடி மன்னரின் ஊழியர்களாக இருக்கவில்லை. செங்கோலால் நிலம் பெற்றவர்கள் என்ற முறையில் அவர்கள் பிற பிரபுக்களோடு சமமாக அமர்ந்தார்கள். 1220இல் ஜெர்மானிய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக், தங்கள் எல்லைக்குள் நாணயமும் சுங்கமும் தங்களுக்கே உரியவை என்ற அவர்களுடைய கோரிக்கைக்கு இணங்கினார். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுவருக்கு மட்டுமே உண்டு என்று 1356ஆம் ஆண்டின் பொன் முத்திரை ஆணை வரையறுத்தபோது, அந்த எழுவரில் மூவர் மைன்ஸ், கொலோன், ட்ரியர் நகரங்களின் பேராயர்கள்.