இன்டியம் 158 காட்டினால் சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் பிளாஸ்டிக் மூலப்பொருள்களைச் சோதிக்கும் சிறிய ஆய்வகம் நடத்துகிறோம். பொருளைச் சூடேற்றி அது உருகும் வெப்பநிலையை அளக்கும் எங்கள் டிஎஸ்சி கருவியில் பாலிஎத்திலீனின் உருகுநிலை, வாடிக்கையாளரின் ஆய்வகம் தரும் அளவைவிட இரண்டு டிகிரி கூடுதலாக வருகிறது. சர்வீஸுக்கு வந்தவர், உருகுநிலை துல்லியமாகத் தெரிந்த இன்டியம் என்ற உலோகத்தை உருக்கிப் பார்த்துவிட்டு, “156.6 வர வேண்டியது 158.1 வருகிறது, சென்சாரை மாற்ற வேண்டும்” என்கிறார். செலவு லட்சங்களில். வரைபடத்தை இணைத்திருக்கிறேன். நாங்கள் நிமிடத்துக்கு 20 டிகிரி வேகத்தில் சோதிக்கிறோம். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எந்த ஒப்புதலிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வரைபடத்தில் 158.1 என்று குறித்திருப்பது உருகும் வளைவின் உச்சிப்புள்ளி. இன்டியத்தின் உருகுநிலையான 156.5985 டிகிரியைத் தொடக்கப்புள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். வளைவின் செங்குத்தான பக்கத்தில் தொடுகோடு வரைந்தால் அது அடிக்கோட்டை (உருகத் தொடங்குவதற்கு முன் உள்ள கோட்டை) சந்திக்கும் இடமே தொடக்கப்புள்ளி. உங்கள் தாளில் அது ஏறக்குறைய 156.9. இந்த 0.3 டிகிரியை மென்பொருளிலேயே திருத்திவிடலாம். உச்சிப்புள்ளியோ சூடேற்றும் வேகத்துக்கும் மாதிரியின் எடைக்கும் ஏற்ப நகரும். அதைக் காட்டிச் சென்சார் விற்பது முறையல்ல.

அப்படியானால் இரண்டு டிகிரி எங்கிருந்து வந்தது? இன்டியத்தை ஓட்டிய வேகம் நிமிடத்துக்கு 10 டிகிரி என்று தாளின் மூலையில் இருக்கிறது. நீங்கள் சோதிப்பதோ 20-இல். வேகம் கூடினால் மாதிரியின் வெப்பம் கருவி காட்டும் அளவைவிடப் பின்தங்கும். உருகுநிலை உயர்ந்து தெரியும். எந்த வேகம், எந்த வாயு, மாதிரி வைக்கும் எந்தக் கிண்ணத்தில் சோதிக்கிறீர்களோ, காலிபரேஷனும் (கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவதும்) அதிலேயே நடக்க வேண்டும். பாலிமர்களுக்கு உச்சிப்புள்ளியையே அறிக்கையில் தருவது வழக்கம் என்பதால் எடையும் கணக்கில் வரும். வாடிக்கையாளரின் ஆய்வகத்தில் வேகமும் எடையும் என்ன என்று முதலில் கேளுங்கள்.

நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 5 முதல் 10 மில்லிகிராம் இன்டியத்தை வெட்டித் தட்டையாக அழுத்தி மூடுங்கள். ஒருமுறை உருக்கி ஆறவிட்டு, இரண்டாவது சூடேற்றத்தின் அளவை எடுங்கள்; முதல் முறை உலோகம் கிண்ணத்தோடு சரியாக ஒட்டியிருக்காது. அடுத்து வெள்ளீயம், 231.9 டிகிரி. ஒவ்வொரு முறையும் தொடக்கப்புள்ளி மாறினாலோ, காலிக் கிண்ணங்களிலேயே அடிக்கோடு அலைந்தாலோ சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

காலிபரேஷன் சான்றிதழில் திருத்துவதற்கு முன் இருந்த அளவு, திருத்திய பின் அளவு, வேகம், வாயு, அளவீட்டு நிச்சயமின்மை, இன்டியத்தின் சான்று எண் எல்லாம் இருக்க வேண்டும். திருத்துவதற்கு முன் இருந்த அளவு இல்லாத சான்றிதழை வாங்காதீர்கள். அதுவரை நீங்கள் கொடுத்த அறிக்கைகள் சரியா என்று சொல்வது அந்த ஓர் எண்தான்.

நுகர்வோர் ஆணையத்தை நம்பி இருக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கும் பொருளையும் சேவையையும் விலக்கிவிடுகிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டுமே விலக்கில் தளர்வு. ஆகவே, உங்கள் வேகத்தில் இன்டியமும் வெள்ளீயமும் சரியாக வந்த பிறகே பணம் என்று சர்வீஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.