19 வயதுப் பையனுக்கு சிகரெட் விற்றது குற்றமா?

கேள்வி: சுன்னாகத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அயல்வீட்டுப் பையன் "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்று கேட்க, இரண்டு சிகரெட் கொடுத்தேன். வாசலில் நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பையனின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, வழக்குப் போடுவேன் என்றார். இப்போது மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. பையனுக்கு 19 வயது. 18 தாண்டினால் பெரிய ஆள்தானே? என் அப்பா புகையிலைத் தோட்டம் செய்துதான் எங்களைப் படிப்பித்தவர். அந்த நாளில் யாரும் வயது கேட்டதில்லை. பையனின் தகப்பன் சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, இந்த 18 என்ற கணக்கு உங்களை மட்டும் ஏமாற்றவில்லை. கடைக்காரர் பலர் இதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். 1989இல் சட்டப்படி முழு வயது 21இலிருந்து 18 ஆனது உண்மை. காணி வாங்கவும் விற்கவும் அது போதும். ஆனால் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தனியாக 21 என்று வைத்திருக்கிறது. தண்டனை 50,000 ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தகப்பனுக்கு வாங்கியது என்பது உங்களைக் காப்பாற்றாது. யார் பத்தப்போகிறார் என்பது இங்கே கேள்வியே இல்லை. யார் கையில் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. தகப்பன் கூண்டில் ஏறி "நான்தான் அனுப்பினேன்" என்று சொன்னால், நீங்கள் மகனிடம் விற்றதை அவரே உறுதிப்படுத்திக் கொடுத்ததாகிவிடும். அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். அதேபோல, பையனிடம் போய் "வாங்கவில்லை என்று சொல்லு" என்று தப்பித்தவறியும் கேட்டுவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய வழக்காகிவிடும்.

வயதை நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுத்தவர் பொறுப்பு. அதில் ஓட்டை இருந்தால் வழக்காடலாம். ஆனால் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அப்படியென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வதே என் யோசனை. அதோடு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவை உங்கள் சட்டத்தரணி நீதவானுக்கு நினைவூட்ட வேண்டும். குற்றம் நிரூபணமானாலும், ஆளின் நடத்தை, வயது, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே விடுவிக்க நீதவானுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. முன்வழக்கு எதுவும் இல்லாத, குடும்பத்துக்காகக் கடை நடத்துகிற உங்களுக்குக் கேட்டுப் பார்க்கத் தகுந்த வழி. கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

அப்பா காலத்துக் கதை எனக்கும் விளங்குகிறது. திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய புகையிலை எங்கள் மண்ணுடையது. ஆனால் காலம் மாறிவிட்டது. 2015 முதல் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம்தான் மூடி நிற்கிறது. பட எச்சரிக்கையை எதிர்த்து சிகரெட் கம்பனி நீதிமன்றப் படி ஏறியது தனிக்கதை. சிகரெட் விற்பதில்லை என்று தாமாகவே நிறுத்திய கடைக்காரர்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். நீங்களும் யோசிக்கலாம், கட்டாயமில்லை.

விற்பதென்றால் அடையாள அட்டை கேளுங்கள். இளம் பிள்ளைகளிடம் இருப்பது 12 இலக்க அட்டை. முதல் நான்கு இலக்கமும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது (பெண் பிள்ளை என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும்). கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நொடியில் பார்த்துவிடலாம். அட்டை இல்லையென்றால் கொடுக்காதீர்கள், அயல்வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

கடைக்குள் வாங்கு போட்டுத் தேத்தண்ணியும் கொடுக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: அங்கே இருந்து யாராவது பத்தினால், பத்தியவரோடு உங்களுக்கும் வழக்கு வரும். பழைய சிகரெட் விளம்பரத் தகடு எங்காவது தொங்கினால் அதையும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். விளம்பரத்துக்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது.

தவணையை மட்டும் தவறவிடாதீர்கள். போகாவிட்டால் பிடியாணை வரும், அப்புறம் இரண்டு சிகரெட்டுக்காகப் பொலிஸ் வீட்டு வாசலில் நிற்கும்.