சீட்பெல்ட், ஏர்பேக் தவிர, காரின் சீட்டே நம்மைக் காப்பாற்றுமா?

கேள்வி: "விபத்தில் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற, கார் சீட்டிலேயே செய்யப்பட்ட கண்டுபிடிப்பு ஏதாவது இருக்கிறதா? அது உண்மையில் பயன்படுகிறதா?"

இருக்கிறது, பயன்படவும் செய்கிறது. என் கழுத்து வலித்த ஏழு மாதத்தில் தேடித் தேடிப் படித்ததால் இதைச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, செங்கல்பட்டிலிருந்து வரும் வழியில் பெருங்களத்தூர் பக்கம் நெரிசலில் நின்றிருந்தோம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில். பின்னால் வந்த வேன் பிரேக் பிடிக்கத் தாமதித்து எங்கள் மேல் இடித்தது. பெரிய வேகமெல்லாம் இல்லை. பம்பர் அமுங்கி, நம்பர் பிளேட் வளைந்தது, அவ்வளவுதான். இறங்கி, பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மறுநாள் காலை பல் தேய்க்கக் குனிய முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஏழு மாதம் துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அண்டை கொடுத்துத்தான் படுத்தேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பையே திருப்ப வேண்டும். கணவருக்கு ஒரு சுளுக்குகூட இல்லை. ஒரே கார், ஒரே இடி.

இதற்குப் பெயர் விப்லாஷ். சாட்டையைச் சொடுக்குவது போல என்று அர்த்தம். பின்னாலிருந்து இடிக்கும்போது கார் முன்னால் பாய்கிறது. சீட்டின் சாய்மானம் முதுகைத் தள்ளுகிறது. தலையை யாரும் தள்ளவில்லை, அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு முன்னால், தலை பின்னால் என்று ஆகி, நடுவில் கழுத்து ஒரு கணம் 'எஸ்' எழுத்து மாதிரி நெளிகிறது. எல்லாமே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கழுத்தை இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூட நேரம் கிடையாது. முன்பக்க ஏர்பேக் இந்த இடிக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. அந்த நேரத்தில் நமக்கு இருப்பது சீட் ஒன்றுதான்.

அமெரிக்காவில் 1969-லிருந்தே புது கார்களின் முன் சீட்டில் ஹெட்ரெஸ்ட் கட்டாயம். ஆனால் தலை வந்து மோதும்வரை அது சும்மா காத்திருக்கும். இடைவெளி அதிகமாக இருந்தால், தலை அதைத் தொடுவதற்குள் கழுத்து நெளிந்து முடிந்திருக்கும். இந்த இடைவெளியை எப்படி ஒழிப்பது என்று யோசித்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1990-களின் கடைசியில், ஓராண்டு இடைவெளியில், அங்குள்ள இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாக விடை கண்டன.

1997-ல் வந்த சாப் 9-5 காரில், சாய்மானத்துக்குள் ஒரு தகடு. அது நெம்புகோலால் ஹெட்ரெஸ்டோடு இணைந்திருக்கும். இடி விழுந்து முதுகு சீட்டில் அழுந்தும்போது தகடு பின்னால் போகும், ஹெட்ரெஸ்ட் மேலும் முன்னுமாக எழும்பித் தலையை ஏந்திக்கொள்ளும். கிணற்று ஏற்றத்தில் ஆள் ஒரு பக்கம் நடந்தால் மறுபக்கம் எழும்புமே, அதே வேலை. சென்சார் இல்லை, கரண்ட் இல்லை, வெடிக்கும் மருந்து இல்லை. இடித்தவரின் வேகமும் உட்கார்ந்திருப்பவரின் எடையும்தான் அதை இயக்குகின்றன. வேலை முடிந்ததும் தானே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இவ்வளவு எளிய ஒன்று அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்திருந்தால் என்ற ஏக்கம்தான்.

வோல்வோ 1998-ல் எஸ்80 காரில் வேறு வழி எடுத்தது. 'விப்ஸ்' என்று பெயர். ஹெட்ரெஸ்ட் அசையாது, தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சாய்மானமும் உட்காரும் பகுதியும் சேரும் கீலில்தான் சூட்சுமம். இடித்தவுடன் முழுச் சாய்மானமும் முதலில் உடம்போடு சேர்ந்து பின்னால் நகரும், தலையும் முதுகும் ஒன்றாகத் தாங்கப்படும். அப்புறம் மெதுவாகப் பின்பக்கம் சாயும். அப்போது ஒரு சின்ன உலோகத் துண்டு வளைந்து இடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்போம் இல்லையா, அதேதான். கையை விறைப்பாக நீட்டினால் பந்து எகிறிவிடும். நல்ல சீட் என்றால் இரும்பு மாதிரி உறுதியாக நிற்க வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான நேரத்தில் விட்டுக்கொடுக்கிற சீட்தான் நல்ல சீட்.

இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்த யோசனை இல்லை. வோல்வோவில் 1970-லிருந்தே விபத்து நடந்த காரையும் காயத்தையும் ஆராயும் குழு ஒன்று உண்டு. அப்படிச் சேர்ந்த தகவலில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டவற்றில் ஒன்று, சின்ன இடியில் வரும் இந்தப் பெரிய கழுத்து வலி.

சரி, கணவருக்கு ஏன் வலிக்கவில்லை? பின்னாலிருந்து இடிபடும்போது இந்தக் காயம் பெண்களுக்கு வரும் வாய்ப்பு ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கழுத்து மெலிவு, எடை குறைவு, உட்காரும் விதம் எல்லாம் சேர்கின்றன. இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. பின்பக்க இடிக்காக 1990-களில் ஸ்வீடனில் உருவான 'பயோரிட்' என்ற சோதனைப் பொம்மைக்கு மனித முதுகெலும்பு போல 24 கண்ணிகள் உண்டு, அருமையான வேலை. ஆனால் அதன் அளவு சராசரி ஆணின் அளவு. அதை வைத்துச் சீட்டின் விறைப்பைத் தீர்மானித்தால், அந்த உடம்பு அழுந்தும் அளவுக்கு என் உடம்பு அழுந்தாது. சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ. உயரம், 62 கிலோ எடையில், பின்பக்க இடிக்கான பொம்மையை ஸ்வீடனின் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 2022-ல்தான் காட்டியது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் 158 செ.மீ.

நாம் வாங்கும் எல்லாக் காரிலும் இப்படிப்பட்ட சீட் கிடைக்காது. சாப் நிறுவனமே 2011-ல் திவாலாகிவிட்டது. ஆனால் இடைவெளியைக் குறைப்பது நம் கையிலும் இருக்கிறது. அன்று என் ஹெட்ரெஸ்ட் கடைசி வரை கீழே இறக்கி இருந்தது. பின்னால் இருந்த மகளுக்கு ரோடு தெரியவில்லை என்று நான்தான் இறக்கினேன். போதாததற்குக் கூந்தலை அள்ளி முடித்துப் பெரிய கிளிப் போட்டிருந்தேன். அது இடிக்கிறது என்று தலையை ஒரு சாண் முன்னால் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். இந்த இரண்டையும் டாக்டர் கேட்கவில்லை, பிசியோதெரபி செய்த அம்மாதான் முதல் நாளே கேட்டார்.

ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு உச்சந்தலைக்குச் சமமாக இருந்தால் மிக நல்லது. எப்படிப் பார்த்தாலும் காதின் மேல்நுனிக்குக் கீழே இருக்கக் கூடாது. பின்மண்டைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். அமெரிக்க விதி முன் சீட்டுக்கு 55 மில்லிமீட்டர்தான் அனுமதிக்கிறது. சாய்மானத்தைப் படுக்கை மாதிரி சாய்த்தால் இந்த இடைவெளி கூடிவிடும், அதனால் நிமிர்த்தியே வையுங்கள். பழைய சின்ன கார்களில் பின் சீட்டோடு ஒட்டிய குட்டை ஹெட்ரெஸ்ட் உயரமானவர்களுக்குப் பயன்படாது, அவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.

போன மாதம் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். முன் சீட்டில் ஏறியதும் கொண்டையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொன்னேன். ஹெட்ரெஸ்டைத் தூக்கி, 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கணவரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.