போலிஸ் ஈவோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மலாய் வணிகப் படங்களைப் பற்றிய போன கட்டுரையில் 'போலிஸ் ஈவோ' நல்ல படம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதை நம்பி வீட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கறாரான போலீஸ், ஒரு வாயாடிப் போலீஸ். முதலில் முறைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் சேர்ந்து சுடுகிறார்கள். இதை எத்தனை படத்தில் பார்த்தாயிற்று! வில்லன் மனசிலேயே நிற்கவில்லை. நம் தமிழ் ஆட்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடமும் இல்லை. என் மகன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான், மூன்று பாகத்தையும் பார்த்து முடித்துவிட்டான். நீங்கள் இதில் என்னதான் கண்டீர்கள்?

ஆர்., சுங்கை பட்டாணி

அன்புள்ள ஆர்.,

கதை புதிது என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. இந்த வகைப் படத்தில் கதை எப்போதும் இரவல்தான். எண்பதுகளில் அமெரிக்காக்காரன் போட்ட பாதை, அதில் ஹாங்காங்காரன் ஓட்டினான், இந்திக்காரன் ஓட்டினான், நாமும் ஓட்டினோம். அந்த இரண்டு பேர் யார், அவர்களை எந்த ஊரில் கொண்டுபோய் இறக்குகிறார்கள், இந்த இரண்டைத்தான் நான் பார்ப்பேன். 2015 செப்டம்பரில் வந்த முதல் படம் இரண்டிலும் தேறிவிட்டது என்பது என் கட்சி.

ஊர் விஷயத்தை முதலில் சொல்கிறேன். அப்போது மலாய் அடிதடிப் படம் என்றாலே கோலாலம்பூர்தான். ராத்திரி, ஈரச் சாலை, தூரத்தில் இரட்டைக் கோபுரம், தோல் ஜாக்கெட் போட்ட கும்பல். இயக்குநர் காஸ் அபு பக்கார் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிழக்குக்கரைக்கு, திரங்கானுவுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை கதவடைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கிற மாநிலம் அது. அங்கே போனதுமே வெளிச்சம் மாறிவிட்டது, மனிதர்களின் வேகம் மாறிவிட்டது. வெளியூரிலிருந்து போதைப்பொருள் கும்பலைப் பிடிக்க வருகிற அதிகாரிக்கு, ஊர் முழுக்க அவசரமே இல்லாத ஆட்களாக இருப்பது எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! படத்தின் பாதி நகைச்சுவை இந்த எரிச்சலிலிருந்து வருகிறது. தனியாக காமெடி டிராக் ஒட்டவேண்டிய வேலை இல்லை.

மீதிப் பாதி, பேச்சு. வாயாடிப் போலீஸ் சானியாக வரும் ஜிஜான் ரஸாக் திரங்கானுவின் டுங்குன் ஊர்க்காரர். அஸ்ட்ரோ தொலைக்காட்சியின் நகைச்சுவைப் போட்டிகளில் வளர்ந்தவர், 2011 'மஹாராஜா லாவாக்'கில் ஜொஹானோடு சேர்ந்து ஜோஸான் என்ற பெயரில் ஜெயித்தவர். அவர் வாயில் ஊர் மலாய் தானாக வருகிறது. சொல்லின் கடைசி 'ன்' எல்லாம் 'ங்' ஆகி, மாக்கான் (சாப்பிடு) மாக்காங் ஆகிறது, ஈக்கான் (மீன்) ஈக்காங் ஆகிறது. தியேட்டரில் நான் கவனித்த ஒன்று: ஜிஜான் வாயைத் திறந்ததும் ஒரு மூலையில் சிலர் சிரிப்பார்கள், கிழக்குக்கரை ஆட்களாக இருக்கவேண்டும். ஒரு நொடி கழித்து, கீழே ஓடும் எழுத்தைப் படித்து முடித்தவர்களின் சிரிப்பு வரும். மலாய்க்காரர்களும் எழுத்தைப் படித்துத்தான் சிரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கெடா மாநிலத்துக்காரரான உங்களுக்கு இது தெரியாததா? உங்கள் ஊர் மலாய் கோலாலம்பூர்க்காரர்களுக்கு எவ்வளவு தூரம் புரிகிறது?

அடுத்து, கறாரான போலீஸாக வரும் ஷாஹெய்ஸி சாம். இவரும் சிரிப்பு நடிகர்தான், 2010இல் 'அட்னான் செம்பிட்' படத்தில் மோட்டார் பையனாக வந்து ஊரையே சிரிக்க வைத்தவர். அப்படிப்பட்டவரை இங்கே வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க, இவர் தாடையை இறுக்கிக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கிறார் பாருங்கள், அது விறைப்பான நடிகர் செய்திருந்தால் வெறும் விறைப்பாக இருந்திருக்கும். சிரிப்பின் நேரம் தெரிந்தவர் என்பதால், எப்போது சிரிக்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிகிறது. உங்கள் மகன் சிரித்தது ஜிஜானைப் பார்த்து என்று நினைத்திருப்பீர்கள், எனக்கென்னவோ பாதிச் சிரிப்பு சாமின் முகத்தைப் பார்த்து வந்ததுதான்.

சரி, குறைக்கு வருவோம். வில்லன் நிற்கவில்லை என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். சானியின் சகோதரியாக வரும் நோரா டேனிஷுக்கும் இரண்டு நாயகர்களுக்கு நடுவில் நிற்பதைத் தவிர அதிகம் வேலை இல்லை. ஸ்லோ மோஷனைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். இதெல்லாம் எந்த ஊர்ப் படத்திலும் இருக்கிற குறைகள், இவற்றுக்காக நான் ஒரு படத்தோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. இரண்டு போலீஸ்காரர் படத்துக்கு உப்பே, அவர்கள் தங்கள் இலாகாவோடு போடும் சண்டையில்தான் இருக்கிறது. மேலதிகாரி கத்துவார், விதியை மீறினாய் என்பார், துப்பாக்கியையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போ என்பார். வெளியே திருடன், உள்ளே நிர்வாகம், நடுவில் மாட்டிய இருவரும் வேறு வழியில்லாமல் ஒருவரையொருவர் நம்ப வேண்டிவரும். நம் நாட்டில் இதை முழுசாக எடுப்பது சுலபம் இல்லை. நிஜ சீருடை, நிஜ வாகனம், நிஜ ஆயுதம் வேண்டுமென்றால் காவல்துறையின் ஒத்துழைப்பு வேண்டும். ஒத்துழைப்பு வேண்டுமென்றால் திரைக்கதை அவர்கள் மேசைக்குப் போகும். அதற்கு மேல் தணிக்கை வாரியம் வேறு இருக்கிறது. படத்தின் பெயரில் இருக்கும் ஈவோ என்பதே மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், நம் நெடுஞ்சாலைப் போலீஸ் ஓட்டிய கார். அந்தக் கார் திரையில் அவ்வளவு கம்பீரமாகப் பாய்வதற்கும், இலாகாவின் மேல் ஒரு கீறல்கூட விழாமல் படம் முடிவதற்கும் காரணம் ஒன்றுதான். காரைக் கொடுத்தவரைத் திட்ட முடியாதில்லையா?

அதனால்தான் இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது குணச்சண்டையாக மட்டும் நின்றுவிடுகிறது. ஒருவன் விறைப்பு, ஒருவன் லூசு. விறைப்பானவன் எதை நம்புகிறான், லூசானவன் எதைக் கண்டும் காணாமல் விடுகிறான் என்ற இடத்துக்குப் படம் போவதில்லை. போயிருந்தால் வில்லனுக்கும் உயிர் வந்திருக்கும், ஏனென்றால் நல்ல வில்லன் எப்போதும் அமைப்பின் ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைகிறான்.

போகவே முடியாது என்றும் இல்லை. 2018இல் நாம் ரோன் என்ற இயக்குநர் எடுத்த 'ஒன் டூ ஜாகா' வந்தது. ரோந்துப் போலீஸ், காப்பிக் காசு என்கிற லஞ்சம், பத்திரம் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிகள், எல்லாம் வெளிப்படையாகவே இருந்தது, வெளியாகவும் செய்தது. கூட்டம்தான் வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'போலிஸ் ஈவோ 2' 22 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வசூலித்தது. முதல் பாகம் 17 மில்லியனைத் தாண்டியபோதே உள்ளூர்ப் படங்களில் அதுவரை இல்லாத வசூல் என்று எழுதினார்கள். எந்தப் பாதையில் அடுத்த பணம் போகும் என்று தயாரிப்பாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோயல் சோவும் ஆண்ட்ரே சியூவும் இயக்கினார்கள், இந்தோனேசியாவிலிருந்து ரலின் ஷாவைப் போலீஸ் வேடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தீவு, பணயக் கைதிகள், மதத்தைச் சொல்லி ஆட்களைச் சேர்க்கும் தலைவன் என்று படம் இருண்டு போயிற்று. சண்டைக் காட்சிகள் முதல் பாகத்தைவிட எவ்வளவோ மேல், அந்த வகையில் யாரோடும் போட்டி போடலாம். ஆனால் தீவில் ஜிஜானுக்குப் பேச இடமே இல்லை. ஊர் போனது, ஊர்ப் பேச்சு போனது, மிச்சம் இருந்தது துப்பாக்கி. எனக்கு அதனாலேயே முதல் பாகம் பிடிக்கிறது, சுடுவது சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. 2023இல் ஷாஃபிக் யூசோஃப் எடுத்த மூன்றாம் பாகத்தைப் பற்றி உங்கள் மகனிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட ஆர்வமாகச் சொல்வான்.

கடைசியாக நம் ஆட்கள் விஷயம். திரங்கானுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். அங்கே எடுத்த படத்தில் நாம் இல்லாதது எனக்கு உறுத்தவில்லை. கணக்குக்காக ஒரு முத்துவைக் கொண்டுவந்து, தலையை ஆட்டி உடைந்த மலாய் பேசவிட்டுச் சிரிக்க வைக்கிற படங்களை நாம் எத்தனையோ பார்த்துவிட்டோம். அந்தக் கூத்துக்கு இல்லாமல் இருப்பதே மரியாதை. கோலாலம்பூரில் கதையை வைத்துக்கொண்டு நம்மை மறந்தால் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அதோடு, அதே 2015 டிசம்பரில்தான் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தொண்ணூறுகளின் பேராக் மாநிலம், அப்போய் என்கிற பையன், போதையில் விழுந்த ஒரு சித்தப்பா, கும்பலில் இருக்கிற இன்னொருவர். ஈவோ காரில் இருப்பவர்கள் துரத்துகிற அந்தப் பக்கம் எப்படி உருவாகிறது என்பதை மூன்று மாதம் கழித்து ஒரு தமிழ்ப் படம் காட்டியது, அதுவும் யாருக்கும் பயப்படாமல். உங்கள் மகன் அதைப் பார்த்துவிட்டானா? இல்லையென்றால் இந்த வாரக் கடைசியில் கூட உட்கார்ந்து பாருங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், அதற்கு நான் இதைவிட நீளமாகச் சண்டை போடுவேன்.

அன்புடன்
அண்ணன்