அன்க்லாம் மண்ணின் ராசி?

கேள்வி: ஜெர்மனியில் பால்டிக் கடலுக்குப் பக்கத்தில் அன்க்லாம் என்று ஒரு சின்ன ஊர். மொத்தமே 12,000 பேர்தான். எஞ்சின் இல்லாத கிளைடரில் பறந்து காட்டிய ஓட்டோ லிலியந்தாலும், பெர்லின் சுவர் திறக்கக் காரணமான குன்டர் ஷபோவ்ஸ்கியும் அங்கே பிறந்தவர்கள் என்று படித்தேன். அந்த மண்ணுக்கே ஒரு ராசி இருக்கிறதோ?

பதில்: ராசி என்று சொல்லிவிட்டால் லிலியந்தால் பட்ட பாடெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். அவர் 1848-ல் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் பிழைத்தது மூன்று, அப்பா 1861-லேயே போய்விட்டார், பிள்ளைகளை ஆளாக்கியது அம்மா. ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் மெல்லிய பலகையில் இறக்கை செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடி இறங்கிப் பார்த்தார்கள். அதுவும் ராத்திரியில். பகலில் செய்தால் கூடப் படிக்கிற பையன்கள் கேலி செய்வார்களே! அவர்களுக்கு அந்த ஊர் கொடுத்தது ஒன்றே ஒன்று, பேனே ஆற்றோரப் புல்வெளியும் அதில் மேய்ந்த செங்கால் நாரைகளும்தான். பின்னாலிருந்து காற்று வீச, இவர்கள் பதுங்கிப் பதுங்கிக் கிட்டே போனால், பயந்துபோன நாரை எதிர்ப்பக்கம் ஓடாமல் இவர்களை நோக்கியே தத்தித் தத்தி வந்து எழும்புமாம். எதிர்காற்று இருந்தால்தான் எழும்ப முடியும் என்பதை அப்படிக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள், பிறகு வருஷக்கணக்காக இறக்கையின் வளைவை அளந்து அளந்து பார்த்து, 1889-ல் அதைப் புத்தகமாகவும் போட்டு, 1891-ல்தான் ஓட்டோ நிஜமாகவே பறந்தார். ஏறக்குறைய 2,000 தடவை பறந்திருக்கிறார். 1896 ஆகஸ்ட் 9-ல் விழுந்து முதுகெலும்பு முறிந்தது, மறுநாள் உயிர் போனது, வயது 48. அந்தச் செய்திதான் ரைட் சகோதரர்களைப் பறப்பதன் பக்கம் திருப்பியது.

அப்புறம் ஷபோவ்ஸ்கி. 1929-ல் அன்க்லாமில் பிறந்தது உண்மை. ஆனால் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் அப்போது கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சியின் தலைவர்களில் ஒருவர். 1989 நவம்பர் 9 மாலை, அந்நாட்டு ஜனங்கள் வெளிநாடு போவதற்கான பயண விதிகளைத் தளர்த்தும் ஒரு தாளை நிருபர்களிடம் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதும் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனே என்றார். மறுநாள்தான் அமலாக வேண்டியது! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரின் வாசலில் போய் நின்று திறக்கவைத்தவர்கள் கிழக்கு பெர்லின் ஜனங்கள், பெருமை அவர்களுக்குத்தான். சுவரைத் தாண்ட முயன்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதில் அவருக்கும் பொறுப்பு உண்டென்று 1997-ல் கோர்ட் தண்டித்ததையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும்.

லிலியந்தால் ஞானஸ்நானம் பெற்ற நிக்கோலாய் தேவாலயம் 1945-ல் எரிந்து பல காலம் கூரையில்லாமல் நின்றது. இப்போது அவர் பெயரில் ஊரில் ஒரு மியூசியம் இருக்கிறது. போக வாய்த்தால் அதைப் பார்த்துவிட்டு, கோடைக்காலமாக இருந்தால் ஆற்றோரமும் போய்வாருங்கள். நாரை எந்தப் பக்கம் ஓடி எழும்புகிறது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.