பிளவுக்குள் எத்தனை மீட்டர் நழுவியது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பெரிய நிலநடுக்கம் வந்த சில மணி நேரத்திலேயே, பிளவில் எந்த இடம் எத்தனை மீட்டர் நழுவியது என்று சிவப்பும் மஞ்சளுமாகப் படம் போட்டுவிடுகிறார்களே, அவ்வளவு ஆழத்துக்கு யார் சார் போய் அளந்தது?

யாரும் போகவில்லை. பிளவு என்பது பூமிக்குள் இரண்டு பாறைப் பகுதிகள் ஒன்றோடொன்று உரசி நழுவும் தளம். அதைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, இந்தக் கட்டம் ஒரு மீட்டர் நழுவினால் இந்த நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் என்ன அலை பதிவாகும், ஜி.பி.எஸ். கருவி எவ்வளவு நகரும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு வைப்பார்கள். அப்புறம் நிஜமாகப் பதிவானதோடு ஒத்துப்போகும்வரை கட்டங்களின் நழுவலை மாற்றித் தேடுவதுதான் வேலை. தரை நகர்வுக்கு 1985-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒகாடா தந்த சூத்திரங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: அலைப்பதிவு இருக்கும்போது தரை நகர்வு எதற்கு?

அலைக்கு நேரம் தெரியும், இடத்தில் கொஞ்சம் தடுமாறும். முறிவு, அதாவது பிளவு நெடுக நழுவல் பரவுவது, வேகமாக ஓடியது என்று வைத்தால் அதே அலைக்கு நழுவல் தொடங்கிய இடத்திலிருந்து தூரத்தில் போய் உட்காரும், மெதுவாக என்றால் பக்கத்தில். தரை நகர்வு இடத்தைப் பிடித்துக்கொடுக்கும், ஆனால் எந்த நொடியில் என்று சொல்லாது. தரை நகர்வை அளக்கும் செயற்கைக்கோள் படம் சில நாள் கழித்து எடுத்ததாக இருந்தால் பின்னதிர்வுகளும், பிளவு ஓசையில்லாமல் தொடர்ந்து நழுவியதும் அதில் கலந்திருக்கும். அதனால் இரண்டும் வேண்டும்.

கேள்வி: 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் 50 மீட்டர் நழுவியது என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், ஏனென்றால் கடலடியில் கருவி இருந்தது. ஓஷிகா தீபகற்பத்தில் ஜி.பி.எஸ். நிலையம் 5 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்தது. பெரிய எண்தான், ஆனால் கடல் அகழி அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அகழியை ஒட்டி 10 மீட்டர் நழுவினாலும் 50 மீட்டர் நழுவினாலும் கரையில் உள்ள கருவிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கடலோரக் காவல் படை கப்பலிலிருந்து ஒலியலை அனுப்பி அளந்துவந்த கடலடிப் புள்ளி ஒன்று 24 மீட்டர் நகர்ந்திருந்தது. கரைப்பதிவை மட்டும் வைத்து வரைந்த படங்கள் அகழிப் பக்கம் தடுமாறியதில் ஆச்சரியமே இல்லை.

கேள்வி: ஒரே நிலநடுக்கத்துக்கு இரண்டு குழுக்கள் இரண்டு படம் போடுகின்றன. யார் சொல்வது சரி?

இரண்டுமே பதிவோடு ஒத்துப்போகலாம், அதுதான் சிக்கல். கட்டங்கள் நிறைய, தகவல் குறைவு என்பதால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ரொம்ப வேறுபடக்கூடாது என்று ஒரு வழவழப்பைத் திணிக்கிறோம். எவ்வளவு திணிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மொத்த ஆற்றலளவு, முறிவு எந்தப் பக்கம் ஓடியது, இவற்றில் அநேகமாக ஒத்துப்போவார்கள். ஓரத்தில் தனியாகத் தெரியும் குட்டிச் சிவப்புத் திட்டை வைத்து யாராவது பெரிதாகக் கதை சொன்னால் நான் காது கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அடுத்த நிலநடுக்கத் தேதி இதில் தெரியுமா?

தெரியாது. பக்கத்துப் பிளவில் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம், அவ்வளவே.

கேள்வி: மாணவன் நான். எதில் தொடங்கலாம்?

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் இலவசம். நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு உருவாக்கும் குறுக்கீட்டுப் படத்தில் ஒரு வண்ணச் சுற்று என்றால் செயற்கைக்கோளை நோக்கிய திசையில் சுமார் 2.8 சென்டிமீட்டர் நகர்வு. பிளவுக்கு மிக அருகே சுற்றுகள் நெருங்கிக் குழம்பிவிடும். அங்கே படப்புள்ளிகள் எவ்வளவு தள்ளிப்போயின என்று நேராக ஒப்பிட்டுப் பாருங்கள். வடக்கு-தெற்கு நகர்வை ரேடார் சரியாகப் பார்க்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று, பிளவு ஒரே சமதளம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2023-இல் துருக்கியில் 7.8 அளவு முறிவு முதன்மைப் பிளவில் அல்ல, ஒரு கிளைப் பிளவில் தொடங்கி அதற்குத் தாவியது. 2016-இல் நியூசிலாந்தின் கைகோராவில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிளவுகள் முறிந்தன. வடிவம் தப்பானால் கணக்கு அந்தத் தப்பையும் நழுவலாக மாற்றிக் காட்டும், பார்க்க அழகாகவும் இருக்கும். படம் வந்ததும் ஒரு ஜி.பி.எஸ். நிலையத்தை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டி, அந்த நிலையத்தின் நகர்வை நீங்கள் போட்ட கணக்கு சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள்.